மாரிக்கு நிற்கும் தடம்: கிளிநொச்சி வாய்க்கால் கரை வேலைக் குறிப்புகள்

கிளிநொச்சியில் காலையில் ஓட நினைக்கிறவருக்கு முதலில் கிடைப்பது ஏ-9 வீதியின் ஓரம்தான். தார் நல்ல தார், குறை சொல்ல முடியாது. ஆனால் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகும் இரவுப் பஸ்கள் நகரைக் கடக்கும் நேரமும், வெயிலுக்கு முன் ஓடி முடிக்க வேண்டிய நேரமும் ஒன்றாக இருக்கின்றன. தை, மாசியில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு முன் மரதனுக்குப் பழகும் பிள்ளைகளும் அதே ஓரத்தில்தான் ஓடுகிறார்கள். ரியூசனுக்குச் சைக்கிளில் போகிற பிள்ளைகளும் அங்கேதான்.

வீதியை விட்டு விலகிய வழி இங்கே இல்லாமல் இல்லை. வட மாகாணத்தின் மிகப் பெரிய குளமான இரணைமடுவிலிருந்து வயல்களுக்குப் போகும் வாய்க்கால்கள் நகரின் ஓரங்களைத் தொட்டுக்கொண்டு போகின்றன. எந்த வாய்க்கால் கரையில் ஏறிப் பார்த்தாலும் ஒரு தடம் கிடக்கும். வயலுக்குப் போகும் ஆட்கள், பட்டி மாடுகள், குறுக்கு வழி தேடும் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து போட்டது. கோடையில் அது அருமையான ஓட்டப் பாதை. மாரி தொடங்கினால் கணுக்கால் வரை சேறு. ஓடுகிறவர்களும் சைக்கிள்காரருமாக நாங்கள் சில பேர் சேர்ந்து, அப்படியான ஒரு கிளை வாய்க்காலின் கரையைத் திருத்தினோம். புதிதாக எதையும் வெட்டித் திறக்கவில்லை. கிடந்த தடத்திலிருந்து தண்ணீரை இறக்கினோம், வேலையின் பெரும்பகுதி அவ்வளவுதான். பக்கத்து ஊர்களில் இதைச் செய்ய நினைக்கிறவர்களுக்காக விவரங்களை எழுதி வைக்கிறேன்.

முதலில் அனுமதி. கரை யாருடைய பொறுப்பு என்பது வாய்க்காலின் அளவைப் பொறுத்தது. பெரிய வாய்க்கால் என்றால் நீர்ப்பாசனத் திணைக்களம். வயலுக்குள் பிரியும் சின்ன வாய்க்காலைத் துப்புரவு செய்து வைத்திருப்பது கமக்காரர் அமைப்பு. 200 ஏக்கருக்குள் பாய்ச்சும் சிறு குளத்தின் கட்டு என்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடம் போக வேண்டும். எங்களுக்குச் சொல்லப்பட்ட நிபந்தனைகள் மூன்று: கரையை வெட்டக் கூடாது, வாய்க்காலின் அகலத்தில் கைவைக்கக் கூடாது, தூர் வார வரும் பெக்கோ இயந்திரத்துக்கு வழி விட வேண்டும். மூன்றும் நியாயமானவை. கடிதத்தைவிடக் கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் போய் உட்கார்ந்து பேசியதுதான் வேலையை நகர்த்தியது. அங்கே எழுந்த ஒரே சந்தேகம், இதை வைத்து நாளைக்கு உழவு இயந்திரம் போக விடாமல் பண்ணுவீர்களோ என்பது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

வன்னியில் மண்வெட்டியை நிலத்தில் போட முன் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017இல் இணைந்தது. போர் முன்னரங்காக இருந்த முகமாலைப் பக்கத்தில் மிதிவெடி அகற்றும் வேலை அதற்குப் பிறகும் வருடக் கணக்கில் நடந்தது. நகரை ஒட்டிய நிலங்கள் எப்போதோ துப்புரவாக்கிக் கையளிக்கப்பட்டவை என்றாலும், கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்தாமல் தொடங்கவில்லை. எங்களுக்குள் ஒரு சட்டமும் போட்டுக்கொண்டோம். ஆள் நடமாடும் தடத்தில் மட்டும் வேலை. ஓரத்துப் பற்றைக்குள் யாரும் கிண்டுவதில்லை. மண்வெட்டி இரும்பில் பட்டால் அப்படியே விட்டுவிட்டு விலகி, தூரத்தில் ஒரு கொப்பை நட்டு, பொலிசுக்குச் சொல்வது. ஒருநாள் அப்படிச் சத்தம் கேட்டது. வேலை நின்றது, வர வேண்டியவர்கள் வந்து பார்த்தார்கள். பழைய கலப்பைக் கொழு. அதற்காக ஒருவரும் சிரிக்கவில்லை.

காலம் தெரிவு செய்வது லேசு. சிறுபோக அறுவடை முடிந்து வாய்க்காலைப் பூட்டிய பின், ஐப்பசி மழைக்கு முன். ஆனால் தடத்தைப் படிக்க வேண்டியது அதற்கு முந்திய மாரியில். வெயிலில் பார்த்தால் முழுக் கரையும் ஒரே மட்டமாகத் தெரியும். மழை பெய்துகொண்டிருக்கும்போது குடையோடு போனால்தான் எங்கே தண்ணீர் நிற்கிறது, எங்கே குறுக்கே ஓடுகிறது, எங்கே கரையை அரிக்கிறது என்பது தெரியும். நின்ற இடங்களில் தடி நட்டு, ஓடிய திசையைக் கொப்பியில் கீறி வைத்தோம். பட்டி மாடு மேய்க்கும் ஐயா ஒருவர் எங்கள் தடிகளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“தம்பி, உதிலை மண் போட்டா மாரிக்கு நிக்காது. தண்ணி உந்த வேம்படிப் பக்கத்தாலைதான் ஏறும். நீங்கள் தடி நட்ட இடத்திலை அது இறங்கிற தண்ணி.”

நாங்கள் சேறு கண்ட இடத்தைக் குறித்திருந்தோம். அவர் காட்டியது அந்தச் சேறு எங்கிருந்து வருகிறது என்பதை. வேம்படியில் தடத்தின் வயல் பக்க ஓரம் மாட்டுக் குளம்பில் உயர்ந்து ஒரு சின்ன வரம்பாகிவிட்டிருந்தது. மழைத் தண்ணீர் வயலுக்குள் இறங்க வழியில்லாமல் தடத்தோடு நீளத்துக்கு ஓடி, கொஞ்சம் தாழ்வான இடத்தில் போய்த் தேங்கியது. அந்த வரம்பை மண்வெட்டியால் சீவி எறிந்ததும் கீழே இருந்த பள்ளத்தின் கதை பாதி முடிந்துவிட்டது. காசு செலவில்லை. எங்கள் தடம் முழுக்க இப்படியான இடங்கள் இருந்தன. நடந்து நடந்து நடுப்பகுதி அமிழ்ந்து போகும், ஓரம் புல்லோடு உயர்ந்து நிற்கும். அப்புறம் தடமே ஒரு வாய்க்கால்தான்.

மலைநாட்டில் பாதை அமைக்கிறவர்களின் பெரிய தலையிடி சரிவு. ஏற்றம் பத்து வீதத்தைத் தாண்டாமல் பார்ப்பது, அது மலைச் சரிவு வீதத்தின் பாதியைத் தாண்டாமல் பார்ப்பது என்று விதிகள் வைத்திருக்கிறார்கள். வன்னியில் சிக்கல் தலைகீழ். இங்கே எதுவும் சரியவில்லை. நீளவாட்டில் தண்ணீர் ஓட இடமே இல்லாததால் குறுக்குவாட்டில்தான் இறக்க வேண்டும். மூன்று வீதச் சரிவு போதும். 6 அடி அகலத் தடத்தில் ஓரத்துக்கு ஓரம் இரண்டு அங்குலம் சொச்சம்தான் வித்தியாசம். ஓடுகிறவரின் காலுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். ஐந்து வீதத்துக்கு மேலே போனால் ஓடுகிறவரின் ஒரு பக்க முழங்கால் முறைப்பாடு செய்யத் தொடங்கும்.

அளக்கப் பெரிய கருவி வேண்டாம். 4 அடி நீளமான நேர்ப் பலகை ஒன்று, மேசன்மார் வைத்திருக்கும் நீர்மட்டம் ஒன்று, ஒன்றரை அங்குல உயரமான மரக்கட்டை ஒன்று. பலகையைத் தடத்துக்குக் குறுக்கே வைத்து, தாழ்ந்த முனைக்குக் கீழே கட்டையைச் செருகினால் குமிழி நடுவே நிற்க வேண்டும். நின்றால் மூன்று வீதம். பிள்ளைகள் இரண்டு பேரிடம் இதைக் கொடுத்துவிட்டால் மண்வெட்டிக்காரரை அவர்கள் விடாமல் வேலை வாங்குவார்கள்.

சரிவு எந்தப் பக்கம் என்பதில் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. வாய்க்கால் பக்கம் இறக்கினால் லேசு, தண்ணீர் தானாகப் போய் விழும். ஆனால் மண்ணும் கூடவே போகும், அடுத்த போகத்துக்கு யாரோ அதைத் தூர் வார வேண்டும். வயல் பக்கம் இறக்கினோம். ஓரத்தில் இருந்த புல்லைச் செதுக்காமல் விட்டோம், தண்ணீர் பரவலாக இறங்கும்போது மண்ணைப் பிடித்து வைப்பது அதுதான். கரை உயரமாக இருந்த இரண்டொரு இடத்தில் மட்டும், தண்ணீர் இறங்கும் வாயில் கருங்கல்லைப் பதித்துவிட்டோம்.

இனி கிரவல், அதாவது தடத்தின் மேலே பரப்பும் கல் கலந்த மண். இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும், ஏனென்றால் காசு போவது இதில்தான். எங்கள் பக்கத்தில் கிரவல் கியூப் கணக்கில் விற்பது. ஒரு கியூப் 100 கன அடி. 6 அடி அகலத்துக்கு, 4 அங்குலக் கனத்தில் பரப்பினால் ஒரு கியூப் 50 அடி தூரம் வரும். உருட்டி இறுக்கிய பிறகு கனம் மூன்று அங்குலம் சொச்சம். ஒரு கிலோமீற்றர் முழுக்கப் போடுவதென்றால் 65 கியூபுக்கு மேலே வேண்டும். சேர்ந்த காசு அதற்குக் காணாது. யோசித்துப் பார்த்தால் முழுக்கப் போடத் தேவையும் இல்லை. சரிவு சரியாக இருந்த செம்மண் பகுதி தானாகவே நின்றது. களிமண் பகுதியிலும், மாடு கடக்கும் இடங்களிலும், மதகுகளின் இரு பக்கத்திலும் மட்டும் போட்டோம்.

வாங்கும்போது இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, அனுமதிப் பத்திரம் உள்ள இடத்திலிருந்து வருகிறதா என்பது. கண்ட கண்ட இடத்தில் கிண்டிய மண்ணை வாங்கி ஊருக்கு நல்லது செய்யப் புறப்படுவதில் அர்த்தமில்லை. மற்றது, அதன் சேர்மானம். உருண்டைக் கல்லாக இருந்தால் எவ்வளவு உருட்டினாலும் ஒன்றோடொன்று பிடிக்காது, சைக்கிள் சில்லு வழுக்கும். முனை உள்ள கல்லும், மணலும், கொஞ்சம் களியும் கலந்திருக்க வேண்டும். ஒரு பிடி எடுத்து, நிறமில்லாத கண்ணாடிப் போத்தலில் பாதிக்குப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தால் போதும். மணல் உடனே அடியில் படியும், வண்டல் சில மணித்தியாலத்தில், களி மறுநாள் மேலே ஒரு படையாகத் தெரியும். களிப் படை அறவே இல்லையென்றால் கோடையில் சோளகக் காற்று பாதையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். கனக்க இருந்தால் மாரியில் சோப்பு. வந்த ஒரு லோட் வெறும் மணலாக இருந்தது, இறக்க விடாமல் திருப்பினோம். டிப்பர்க்காரத் தம்பிக்குக் கோபம், பரவாயில்லை.

கொங்கிறீற்றோ கல்லோ போட்டால் என்ன என்று கேட்டவர்கள் உண்டு. ஓடுகிறவரின் முழங்காலை விடுங்கள். கிளிநொச்சியில் வழவழப்பான தரையை எங்கே போட்டாலும் காலபோக அறுவடைக் காலத்தில் அது நெல் காயும் களம். நெல்லைக் காயப்போடுகிறவரோடு சண்டை பிடிக்கும் எண்ணம் எனக்கில்லை, அவருக்கு வேறு இடமில்லை. கிரவலில் அந்தப் பிரச்சினை எழாது.

இறுக்குவதற்கு றோலர் வாடகைக்கு எடுத்தால் கரை தாங்காது, காசும் தாங்காது. நாங்களே ஒன்று செய்தோம். 200 லீற்றர் தகரப் பரல் ஒன்றின் இரு வட்டத்திலும் நடுவே துளையிட்டு, இரண்டு அங்குல இரும்புக் குழாயை ஊடாகச் செலுத்தி, அது நடுவில் அசையாமல் நிற்க உள்ளே கம்பிகளை ஒட்டி, பக்கத்தில் வெட்டிய வாயால் கொங்கிறீற் நிரப்பியது. வீட்டு வேலையில் மிஞ்சிய உடைகல்லும் செங்கல் துண்டும் கலந்ததால் ஒரு பை சீமெந்தோடு முடிந்தது. நிரம்பியதும் எடை அரைத் தொன்னுக்குக் கிட்ட. நிரப்பும்போது பரலை அது நிற்கப்போகும் இடத்திலேயே வைத்து நிரப்ப வேண்டும், பிறகு அரக்க ஆள் கிடைக்காது. குழாய் முனைகளில் கோண இரும்புச் சட்டம் போட்டு இரண்டு சில்லு உழவு இயந்திரமான லான்ட்மாஸ்ரரில் கொழுவினோம். பரலின் நீளம் 3 அடிக்குச் சற்றுக் குறைவு என்பதால் 6 அடித் தடத்துக்கு மூன்று வரிசையாக, ஓரத்திலிருந்து நடுவுக்கு உருட்ட வேண்டும். நடுவில் தொடங்கினால் மண் ஓரத்துக்குப் பிதுங்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஈரம். புரட்டாதியில் எங்கள் மண் கல்லு. காய்ந்த கிரவலின் மேலே எத்தனை தரம் உருட்டினாலும் மேலே தூள்தான் பறக்கும், உள்ளே இறுகாது. பின்னேரம் பவுசரில் தண்ணீர் தெளித்து, இரவு ஊறவிட்டு, காலையில் உருட்டினோம். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி மண்ணைக் கொழுக்கட்டை போல அமுக்கி, தோள் உயரத்திலிருந்து கீழே விட வேண்டும். விழுந்து நாலைந்து துண்டாக உடைந்தால் உருட்டலாம். தூளாகச் சிதறினால் தண்ணீர் காணாது. தட்டையாக அப்பிக்கொண்டால் கூடிவிட்டது, வெயில் ஏறும்வரை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கலாம்.

மாடுகளுக்கு வழி விட்டதைப் பற்றி. பட்டி மாடு வாய்க்காலில் தண்ணீர் குடிக்க இறங்கும் இடங்கள் மாறுவதில்லை. அங்கே வேலி போட்டுத் தடுத்தால் பக்கத்தில் இன்னொரு இடத்தை உடைத்துக்கொண்டு இறங்கும். அதனால் அவை இறங்கும் இடத்திலேயே தடத்தின் குறுக்கே ஒரு 15 அடி நீளத்துக்குக் கல்லைப் பதித்து, மேலே கிரவலை இறுக்கி, இரு முனையையும் மெதுவாகச் சரித்துவிட்டோம். சைக்கிள் தூக்கிப் போடாது, குளம்பும் அமிழாது. கட்டாக்காலிகளுக்கு யார் விளக்குவது என்று ஒரு அண்ணை கேட்டார். விளக்கத் தேவையிருக்கவில்லை.

மதகுகள் சைக்கிள்காரருக்கு ஆபத்தான இடம். கொங்கிறீற் தட்டு அப்படியே நிற்கும், அதன் இரு பக்கத்து மண் இறங்கிவிடும். கிழமைக்குக் கிழமை அந்த விளிம்பு உயர்ந்து, ஒருநாள் யாருடைய றிம்மோ நெளியும். 6 அடி தூரத்துக்குச் சல்லியும் கிரவலும் கலந்து, தட்டின் மட்டத்தைவிட அரை அங்குலம் உயர்த்தி இறுக்கினோம். அது இறங்கி மட்டத்துக்கு வரும்.

முள்ளு எங்கள் ஊர் பஞ்சருக்குப் பெரிய காரணம். விடத்தல் கொப்பை வெட்டித் தடத்தில் போட்டுவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் சொல்லுங்கள். காய்ந்த விடத்தல் முள் லுமாலாச் சைக்கிளின் தடித்த ரயரையே துளைக்கும், பந்தயச் சைக்கிளின் மெல்லிய ரயர் எம்மாத்திரம். நெருஞ்சி காய்க்க முன் பிடுங்க வேண்டும், காய்த்த பின் பிடுங்கினால் விதைத்ததற்குச் சமம். நாயுண்ணிப் பற்றைகளை அடியோடு கிண்டாமல் முழங்காலுக்குக் கீழே வெட்டினோம். மரக் கொப்புகளை 8 அடி உயரம் வரை கழித்தோம். இடையில் கண் போகும் தூரம் திறந்திருந்தால் பொழுதுபடும் நேரத்தில் தனியே வருகிற பிள்ளைக்கும் முன்னால் இருப்பது தெரியும். எங்களோடு வேலை செய்த அக்கா ஒருவர் இதில் கண்டிப்பாக இருந்தார். மூலையில் இருந்த ஒரு பற்றை அவர் சொன்னதால்தான் போனது, நாங்கள் அதைக் கவனித்திருக்கவே மாட்டோம்.

நிழலுக்கு மரம் வைக்க எல்லாருக்கும் ஆசை. கரையில் மட்டும் வைக்காதீர்கள். வேர் உக்கிப் போகும் இடத்தில் தண்ணீர் வழி பிடித்துக் கரையை உடைக்கும், குளக்கட்டென்றால் இன்னும் மோசம். 2018 மார்கழி வெள்ளத்தைப் பார்த்த ஊருக்கு இதை இரண்டாம் தரம் சொல்லத் தேவையில்லை. கரையடிக்கு அப்பால், ஒதுக்கு நிலத்தில், வேம்பும் மருதும் வைத்தோம். எங்கள் தடம் வடக்குத் தெற்காகப் போவதால் மேற்குப் பக்கம் வைத்தோம், பின்னேர வெயில்தான் கொல்லும்.

இனி உழவு இயந்திர விஷயம். தடத்துக்குள் வேகமாக வரும் மோட்டார் சைக்கிளைத் தடுக்க ஆசைதான், ஆனால் சைக்கிள் நுழையும் இடைவெளியில் மோட்டார் சைக்கிளும் நுழையும், அதைத் தடுக்க எந்தக் கட்டையாலும் முடியாது. நாங்கள் நட்டது டிப்பரை மட்டும் மறிக்கும் இரும்புக் குற்றி ஒன்று. குழாய்க்குள் செருகிப் பூட்டியிருப்பது, வேண்டியபோது கழற்றலாம். ஒரு திறப்பு கமக்காரர் அமைப்பிடம், ஒன்று வாய்க்காலைப் பார்க்கும் அலுவலரிடம். எங்களிடம் திறப்பு இல்லை. கூட்டத்தில் எழுந்த சந்தேகம் அந்த இடத்தில் தீர்ந்தது.

பிள்ளைகள் மரதனுக்குப் பழக 100 மீற்றருக்கு ஒரு கல் நட்டு வெள்ளை அடித்தோம். அளந்தது சைக்கிள் சில்லால். 28 அங்குலச் சில்லின் வால்வைக் கீழே வைத்து, புழுதியில் ஒரு சுற்று உருட்டிக் கோட்டுக்குக் கோடு அளந்தால் 2.2 மீற்றருக்குச் சற்று மேலே வரும். ஒரு கம்பியில் சிவப்புத் துணி கட்டி 45 சுற்று எண்ணினால் 100 மீற்றர். ஏறி ஓட்டினால் ரயர் அமுங்கிக் கணக்குக் குறையும், ஆகவே இறங்கி உருட்ட வேண்டும். நாலாவது கல்லுக்கெல்லாம் நீலப் பட்டை, அது 400.

முதல் மழைக்கு மண்வெட்டியோடு போனோம். சரிவு வைத்த இடங்கள் பெய்து அரை மணித்தியாலத்தில் வடிந்திருந்தன. இரண்டு குட்டைகள் மிஞ்சின. குட்டைக்குள் மண் போட்டு நிரப்புவது பலரும் செய்வது, அது சேறாகிப் பெரிதாகும். தாழ்ந்த ஓரத்தில் கையகலத்துக்கு ஒரு வாய் வெட்டிவிட்டு, காய்ந்த பிறகு நிரப்பினோம். இரணைமடு முழுக் கொள்ளளவான 36 அடியை நெருங்கி வான் கதவுகள் திறக்கும் நாட்களில் தாழ்வான பகுதிக்குள் யாரும் ஓடப் போவதில்லை என்பதை முன்பே பேசி வைத்திருக்கிறோம். அந்த நாட்களில் ஈரத் தடத்தில் சில்லு பதித்த தடங்களைப் பிறகு நிரவுவதும் பெரிய வேலை. இரண்டு நாள் காத்திருந்தால் அந்த வேலையே இல்லை.

அடுத்த துப்புரவு சிறுபோக அறுவடைக்குப் பிறகு, கமக்காரர் வாய்க்கால் துப்புரவு செய்யும் அதே கிழமையில். றோலர் ஒரு வளவில் நிற்கிறது. வேறு கழகங்களுக்குத் தேவையென்றால் எடுத்துப் போகலாம், லான்ட்மாஸ்ரர் மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும். குழாய் முனைகளுக்குக் கிறீஸ் போடாமல் இழுத்தால் ஒட்டு விடும்.